ஐந்தாவது பொய்

இன்னும் அரை மணி என்று சொல்லிவிட்டு வந்து ஒரு மணி ஆகப்போகிறது. உமையாள் கேட்கவில்லை. கேட்கமாட்டாள். அவள் அப்பா, பதிப்பாளர் சாத்தப்பனும் இப்படித்தான், அவசரம் என்று வாயால் சொல்லமாட்டார், எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பார், அந்தச் சிரிப்பு தாங்காமல் கையெழுத்துப் போட்டுத் தொலைக்க வேண்டியிருக்கும். அப்படிப் போட்டது முப்பது பதிப்புக்கு. இது முப்பத்தொன்று. வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மேஜையில் நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம் புரூஃப். மேல்தாளில் பெரிய எழுத்தில் ‘தினசரி ஆங்கிலச் சொற்கள்: பொருளும் பிறப்பும்’. அதன் கீழ் அவர் பெயர், பெயருக்குப் பின்னால் எம்.ஏ. அதற்கும் கீழே ‘கோர்ட்டில் வென்ற சொல் நூல்’ என்று ஒரு வரி. அது சாத்தப்பன் போட்டது. ஆள் செத்து ஒன்பது வருஷம், வரி சாகவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம், ‘அச்சிடலாம்’, எதிரே ஒரு கோடு. இத்தனை வருஷம் பழைய அச்சு பிலிமை வைத்தே ஓட்டினார்கள், ஓர் எழுத்தைத் தொட முடியாது, தொட முடியாது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி. இந்தத் தடவை கம்ப்யூட்டரில் புதிதாக அடித்திருக்கிறாள். எதை வேணும்னாலும் மாத்தலாம் சார், ஒரு நிமிஷ வேலை என்றாள் வந்ததும் வராததுமாக. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் ஹாலில் மனைவி ரெஜினா உமையாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். “அந்த டவலை அப்படித் தள்ளிட்டு நல்லா சாஞ்சு உக்காரும்மா, ஃபேனைக் கூட்டவா?” டவல். வேதமுத்துவின் பேனா நின்றது. பக்கம் நூற்று முப்பத்தைந்து. ‘டவல்: இங்கிலாந்தின் மேற்கே டவல் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் சலவைக்காரர்கள் நெய்த முரட்டுத் துணி. ஊர்ப் பெயரே துணிக்கு ஆயிற்று.’ அப்படி ஓர் ஊர் இல்லை. ஆறு இல்லை. சலவைக்காரர்கள் இல்லை. அவர்களை இந்த மேஜையில் உட்கார்ந்து அவர்தான் பெற்றார்.

எல்லாம் அந்த மதராஸ்காரன் செய்த வேலை. முதல் பதிப்பு வந்து ஆறு மாதத்தில் அப்படியே சுட்டு வேறு அட்டை போட்டு விற்றான். இரண்டாம் பதிப்பையும் சுட்டான், அச்சுப்பிழையோடு சுட்டான். கேட்டால் அகராதி யாருக்கும் பொதுச் சொத்து, நாங்களும் அதே அகராதியைத்தான் பார்த்தோம் என்றான். வக்கீல் நரசிம்மன்தான் வழி சொன்னார். வரைபடம் போடுகிறவன் இல்லாத ஒரு சந்தை வரைந்து வைப்பானாம், திருடுகிறவன் அந்தச் சந்தையோடு சேர்த்துத் திருடி மாட்டிக்கொள்வானாம். நீரும் நாலைந்து பொய்யை உள்ளே வையும், யாருக்கும் சொல்லாதேயும், பெண்டாட்டிக்கும் சொல்லாதேயும். வைத்தார். ஐந்து. நானூற்றுப் பன்னிரண்டு சொல்லில் ஐந்து. என்ன உற்சாகம் அந்த வாரம், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு சாத்தப்பன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி. உண்மையைத் தேட ஒரு சொல்லுக்கு ஒரு நாள் ஆகும், பொய்க்கு ஒரு வாய் கடலை போதும். டவல், கெட்டில், ஏணிக்குச் சொல்கிற லேடர், பெஞ்ச். இந்த நாலும் கோர்ட்டில் வெளியே வந்தன. மதராஸ்காரனின் புத்தகத்தில் நாலும் அச்சு அசலாக இருந்தன, நீதிபதியே சிரித்துவிட்டாராம். ஐந்தாவதை நரசிம்மன் வெளியே எடுக்கவில்லை. அதைக் கொஞ்சம் அதிகப் புத்திசாலித்தனமாக வைத்துவிட்டீர், அகராதிக்காரனே பிறப்பு தெரியாது என்று கைவிட்ட சொல்லில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர், எதிராளி எழுந்து இவர் சொன்னதுதான் சரியாக இருக்கலாமே என்றால் நான் என்ன செய்ய, நாலு போதும், ஐந்தாவது உள்ளேயே கிடக்கட்டும். கிடக்கிறது. உள்ளேதான் கிடக்கிறது. எந்தச் சொல் என்று அவருக்கு மறந்துபோய்விட்டது.

மறந்தது எப்போது என்பதும் தெரியவில்லை. ஒரு நாள் இருந்தது, இன்னொரு நாள் கை விட்டுத் துழாவினால் இல்லை. எழுதிவைத்தது ஒரே ஒரு தாள், அது சாத்தப்பனின் இரும்புப் பெட்டியில் இருந்தது. எட்டு வருஷம் முன்னால் சும்மா கேட்பது போல உமையாளிடம் கேட்டார், பெட்டியில் கரையான் மண்தான் சார் இருந்துச்சு என்றாள். கண் ஆபரேஷனுக்கு முன்பு பதினொரு நாள் காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்து பெரிய அகராதியின் பன்னிரண்டு தொகுதியோடு தன் புத்தகத்தையே ஒப்பிட்டுப் பார்த்தார், திருடன் தன் வீட்டிலேயே கன்னம் வைக்கிற மாதிரி. முந்நூற்று எண்பத்தைந்து சுத்தம். நாலு பொய். மிச்சம் இருபத்துமூன்று. இருபத்துமூன்றுக்கும் அகராதி ஒரே பதில்தான் சொன்னது, தெரியாது. நாய்க்கு ஏன் டாக் என்று பெயர், தெரியாது. பெண்ணை ஏன் கேர்ள் என்றான், நிச்சயமில்லை. பையனை ஏன் பாய், தெரியாது. கெட்டதைப் பேட், பெரியதைப் பிக், உதையைக் கிக் என்றானே, தெரியாது, தெரியாது. எத்தனை பெரிய ராஜ்யம் ஆண்டவன், சூரியனே மறையாது என்று பீற்றினவன், தன் வாசலில் படுத்திருக்கிற நாய்க்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்திருக்கிறான். ஆனால் வேதமுத்துவின் புத்தகத்தில் தெரியாது என்ற சொல்லே கிடையாது. தெரியாதுன்னு போட்டா எவன் சார் வாங்குவான் என்று சாத்தப்பன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எந்தக் காலத்துப் பாதிரியோ எந்தப் பழைய புத்தகத்திலோ இப்படி இருக்கலாம் என்று ஒரு யூகம் எழுதியிருப்பான், அதை எடுத்து ‘இதுதான்’ என்று போட்டார். இருபத்திரண்டு இடத்தில் யாரோ ஒருவனின் யூகம், ஓர் இடத்தில் தன் சொந்தச் சரக்கு. எது எது? எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே தோரணையில், ஒரே ‘ஆயிற்று’ போட்டு முடிகிறது. படிக்கப் படிக்க எல்லாமே உண்மை. இன்னொரு தடவை படித்தால் எல்லாமே பொய்.

அதோடு நின்றதா, சுத்தமான முந்நூற்று எண்பத்தைந்தும் இப்போது முகத்தைக் காட்டுகின்றன. மஸில் என்றால் சின்ன எலி. ரோமாபுரிக்காரன் கையை மடக்கிப் பார்த்தான், தோலுக்குக் கீழே எலி ஓடுகிற மாதிரி இருந்ததாம், எலிக்குட்டி என்று பெயர் வைத்தான். இது உண்மை. எவனாவது நம்புவானா? விண்டோ என்றால் காற்றின் கண். வடதேசத்துக்காரன் சுவரில் ஓட்டை போட்டான், காற்று அது வழியாகப் பார்த்தது. உண்மை. கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன், ஓட்டுக் கேட்டு வருகிறவன் சுண்ணாம்பு பூசிய வெள்ளையில் வருவானாம், அதுவும் உண்மை, அது இன்றைக்கும் உண்மை. டிஸாஸ்டர் என்றால் கெட்ட நட்சத்திரம். நம்மூர்க் கட்டுமரம் கேட்டமரான் ஆகிப் போனது, சுருட்டு செரூட் ஆகிப் புகைந்தது, எல்லாம் உண்மை. உண்மைகள் இத்தனை கோணங்கியாக இருக்கும்போது பொய் மட்டும் நெற்றியில் எழுதிக்கொண்டா வரும்? பொய்தான் ஒழுங்காக இருக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டின மாதிரி. ஜன்னலைப் பார்த்தார். காற்றின் கண். பார்க்கிறது. நாலு மணி வெயில், எதிர்வீட்டு மாடியில் துணி ஆடுகிறது, ஒரு சட்டை இரண்டு கையையும் தூக்கி யாரையோ கூப்பிடுகிறது. ஹாலில் ரெஜினா, “கெட்டில்ல தண்ணி வச்சிருக்கேன், காபி போட எவ்வளவு நேரம், சும்மா இரு.” கெட்டில். இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ஒன்று கிடைக்கிறது. பாழாய்ப்போன மனுஷர்கள், தமிழில் பத்து வார்த்தை பேசினால் நாலு அவன் வார்த்தை, அந்த நாலில் ஒன்று என் வார்த்தை. கெட்டி என்று ஒருத்தி துறைமுகத்தில் சுடுதண்ணீர் விற்றாள் என்று எழுதினோமே, அவள் இந்த அடுக்களையில் நின்றுகொண்டிருக்கிறாள். போகச் சொன்னால் போவாளா?

கெட்டியைச் சகித்துக்கொள்ளலாம். சலவைக்காரர்களையும். பெஞ்சமினைத்தான் முடியவில்லை. ‘பெஞ்ச்: பெஞ்சமின் என்ற தச்சன் தன் ஊர்த் தேவாலயத்துக்கு ஏழைகள் சேர்ந்து உட்கார நீள இருக்கை செய்து கொடுத்தான். அவன் பெயரின் முற்பாதியே இருக்கைக்கு ஆயிற்று.’ நல்ல பொய். அழகான பொய். எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது, அதுதான் கேவலம். ஏழைகள் சேர்ந்து உட்கார என்பது தேவையே இல்லை, திருடனைப் பிடிக்க அந்த அலங்காரம் எதற்கு, இருந்தும் போட்டார். அந்த அலங்காரத்தில்தான் சாத்தூர் தவமணி விழுந்தான். தவமணியை அவர் பார்த்ததில்லை. போஸ்ட் கார்டு தெரியும், நாலு போஸ்ட் கார்டு. கையெழுத்தை வைத்து ஒரு முகம் செய்துகொண்டார். குறுகலான முகம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா, உட்காரச் சொன்னால் பாதி இருக்கையில் உட்காருகிறவன். முப்பத்தாறு வருஷமாக அந்த முகத்துக்கு வயசாகவில்லை. முதல் கார்டு: ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நூலை ஏழு முறை வாசித்தவன். கல்லூரி ஒன்றில் ட்யூட்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். இந்த அறையிலுள்ள ஏதாவது ஒரு பொருளின் பெயர் பற்றிச் சுவையாகச் சொல் என்றார்கள். நான் பெஞ்சைச் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். ஆதாரம் எந்த நூல் என்று கேட்டார்கள். தயவுசெய்து தெரிவியுங்கள், திரும்பச் சென்று காட்ட அனுமதி பெற்றிருக்கிறேன்.’ திரும்பச் சென்று காட்ட. அனுமதி. இரண்டாவது கார்டில் அவர்கள் சிரித்த சிரிப்பையும் எழுதியிருந்தான், பெஞ்சு பெஞ்சமின் என்றால் டேபிள் யாரப்பா, பைபிள் தபீத்தாளா என்று ஒருவர் கேட்டாராம், இன்னொருவர் பேங்க் என்ற சொல்லே பெஞ்சிலிருந்துதான் வந்தது, வட்டிக்காரன் உட்கார்ந்த பலகை, இதுகூடத் தெரியாதவன் ஆங்கிலம் நடத்தப் போகிறானா என்றாராம். அவர் சொன்னது சரி. தவமணிக்கு அது சரி என்று தெரியவில்லை. மூன்றாவது கார்டில் முகவரி இன்னும் தெளிவாக, பதில் தவறிப் போயிருக்கலாம் என்று.

பதில் தவறிப் போகவில்லை. எழுதப்படவேயில்லை. கேஸ் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும் வரை அந்தச் சொற்கள் பொய் என்று ஒரு எறும்புக்குக்கூடச் சொல்லாதீர் என்றார் நரசிம்மன். சரி. தீர்ப்பு வந்த பிறகு? வந்த பிறகு வெட்கம். வெட்கம் ஆறின பிறகு சோம்பல். சோம்பலுக்குப் பிறகு வருஷங்கள். அவனுக்கு என்ன, வேறு எங்காவது வேலைக்குப் போயிருப்பான், ஒரு இன்டர்வியூ போனால் உலகமா முடிந்துவிடும், எத்தனை பேர் எத்தனை இன்டர்வியூவில் தோற்கிறார்கள், நானே இரண்டில் தோற்றவன். இப்படி ஒரு பேச்சு அவருக்குள் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருந்தது, தெருக்குழாய் மாதிரி, யாரும் மூடுவதில்லை. எல்லாவற்றையும் நாலாவது கார்டு அடைத்துவிடும். ‘ஐயா, தங்களுக்கு வேலை அதிகம் என அறிகிறேன். நானே தேடத் தொடங்கிவிட்டேன். எங்கோ ஒரு நூலில் இருக்கும். தாங்கள் இல்லாததை எழுதுகிறவர் அல்ல.’ திட்டியிருக்கலாம். நல்லா நாலு கெட்ட வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார். இல்லாததை எழுதுகிறவர் அல்ல. அந்த வரி வந்ததிலிருந்து எந்த லைப்ரரிக்குப் போனாலும் அடுத்த அலமாரிக்குப் பின்னால் ஒருவன் புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்கும். அந்தப் பதினொரு நாளும் கேட்டது. தாளைப் புரட்டுவான், நிறுத்துவான், மூச்சுவிடுவான், அடுத்த தாள். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, ஒரு மின்விசிறி, திறந்துகிடக்கிற ஒரு தொகுதி. திறந்துகிடந்தது எந்த எழுத்து என்று பார்க்கத் துணிவில்லாமல் திரும்பிவந்தார். இப்போதும் கேட்கிறது. இல்லை, இது புரூஃப் தாள், விசிறிக் காற்றில் தானே புரள்கிறது. கையை வைத்து அழுத்தினார். தோலுக்குக் கீழே சின்ன எலி ஓடிற்று.

பெஞ்சைப் பேனாவால் குறுக்கே அடித்தார். கெட்டில், லேடர், டவல், மூன்றையும் அடித்தார். ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் அடித்தவுடன் மிச்சம் இருக்கிற இருபத்துமூன்றும் தலையைத் தூக்கின. நாலை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் என்ன அர்த்தம், இனி இதில் இருப்பதெல்லாம் சரி என்று அர்த்தம், இது வரைக்கும் போட்ட முப்பதைவிட இதுதான் பெரிய பொய். இன்டர்வியூவுக்குப் போகிறவன் எத்தனை பேர் கையில் இந்தப் புத்தகம், இந்தத் தடவை கோச்சிங் சென்டர்காரர்கள் மொத்தமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று வந்ததுமே சொன்னாள். அத்தனை பேரும் ஒவ்வொரு அறைக்குள் போய் உட்காருவார்கள், படிய வாரிக்கொண்டு, பாதி இருக்கையில். கேர்ள் என்பதாக இருக்குமோ? ‘பழைய சாக்ஸன் மொழியில் ஆடை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து’ என்று போட்டிருக்கிறது. யாரோ சொன்னதாகத்தான் ஞாபகம். ஞாபகம்! ஞாபகத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு. டாக்? கழுதைக்குச் சொல்கிற டாங்கி? கர்ஸ் என்ற சாபத்துக்குப் போட்டிருப்பது கொஞ்சம் அதிகமாக இனிக்கிறது, பெஞ்சமின் மாதிரி இனிக்கிறது, அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சாபத்தில் விளையாடியிருப்பேனா, ரெஜினாவின் அப்பா உபதேசியார் அப்போது உயிரோடு இருந்தார். விளையாடியிருப்பேன். எதிலும் விளையாடியிருப்பேன்.

“சார்,” என்று திரையை விலக்கி உமையாள் வந்தாள். கையில் காபி டம்ளர். நாற்பத்தாறு வயசு, அப்பாவின் சிரிப்பு அப்படியே. “அம்மா குடுத்தாங்க. ஆறிடப் போகுது. முடிஞ்சிருச்சா சார்?”

“உக்காரு.”

உட்கார்ந்தாள். அவர் டம்ளரை ஓரமாக வைத்தார். சுற்றி வளைக்கத் தெரியாது அவருக்கு. “இதுல அஞ்சு பொய் இருக்கு.”

அவள் சிரித்தாள். “தெரியுமே சார். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கெட்டில், டவல்… தீர்ப்புல கூட இருக்கே. அது நம்ம புத்தகத்துக்கு முத்திரை மாதிரி சார், யாரும் கை வைக்க முடியாது.”

“தெரிஞ்சே விட்டியா?”

“விடாம? யாருக்கு என்ன நஷ்டம்?”

“சாத்தூர்ல தவமணின்னு ஒருத்தன்.”

அவள் முகம் மலர்ந்தது, அதுதான் பயமாக இருந்தது. “ஐயோ, கார்டு எழுதுவாரே, அவரா? எங்க கடைக்கும் எழுதுவாரு சார். எனக்கு அப்பப் பத்து வயசு. என் எழுத்து அழகா இருக்கும்னு அப்பா என்னத்தான் பதில் எழுதச் சொல்வாரு. நான் எழுதின முதல் கார்டே அவருக்குத்தான்.”

“என்ன பதில்?”

“அதுவா… ஆதாரம் இருக்கு, லண்டன்ல அச்சான பழைய புத்தகம், பேரு இன்னதுன்னு ஏதோ நீளமா சொன்னாரு. நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி எழுதினேன்.”

“அப்படி ஒரு புத்தகம் உண்டா?”

“உண்டான்னு நான் எங்க சார் கண்டேன். அப்பா கடலை தின்னுக்கிட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு, அவருக்கும் சிரிப்பு.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒரு தடவை நேர்ல வந்தாரு சார். மதராஸ்ல எல்லா லைப்ரரியும் பாத்துட்டேன், கிடைக்கல, கல்கத்தால இருக்குமாம், போகப் போறேன்னாரு. ஒல்லியா இருப்பாரு. பாவம்னு அப்பா புதுப் பதிப்பு ஒண்ணு இனாமாக் குடுத்தாரு. கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிட்டுப் போனாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் வரல.”

கல்கத்தா. ரயிலில் இரண்டு நாள். மடியில் முடிச்சுப் போட்ட துணிப்பை, பைக்குள் என் புத்தகம், புத்தகத்துக்குள் சாத்தப்பன் பெண் குண்டு குண்டாக எழுதின கார்டு. கல்கத்தாவில் இறங்கி அந்தப் பெரிய லைப்ரரிப் படியேறி, நீளமான அந்தப் பெயரைச் சொல்லி, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அங்கே இல்லாவிட்டால் அடுத்து எங்கே என்று கேட்டிருப்பான். கேட்டிருப்பான், அவன் கேட்கிற ஜாதி. வேறு வேலைக்குப் போயிருப்பான் என்று முப்பத்தாறு வருஷம் திறந்துவிட்டிருந்த குழாயை யாரோ ஒரு திருகில் மூடிவிட்டார்கள். அந்த அமைதி தாங்கமுடியவில்லை. உமையாளைப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பத்து வயசில் எழுத்துக் கூட்டினவளைச் சொல்லி என்ன.

“நாலை அடிச்சிட்டேன்” என்றார்.

“சரி சார்.”

“அஞ்சாவதையும் எடுக்கணும்.”

“எடுத்துடலாம். எதுன்னு சொல்லுங்க.”

“தெரியல.”

“என்ன சார், நீங்க வச்சதுதானே?”

“மறந்துபோச்சு. இருபத்துமூணுல ஒண்ணு. குறிச்சு வச்சிருக்கேன். இருபத்துமூணுக்கும் பிறப்பு தெரியவில்லைன்னு போடு.”

இப்போது சிரிப்பு போயிற்று. “இருபத்துமூணு இடத்துலயா? சார், கடைக்கு வந்து புரட்டுறவன் கண்ணுல முதல்ல அதுதான் படும். சொல் பிறப்புப் புத்தகம்னு பேரு, உள்ளே தெரியல தெரியலன்னா, நம்மளப் பாத்துச் சிரிக்கமாட்டாங்களா?”

“சிரிக்கட்டும். நம்மளப் பாத்துத்தானே.”

“நாளைக்குக் காலைல மெஷின் ஏத்தணும்.” குரலைத் தாழ்த்தினாள். “தப்பா எடுத்துக்காதீங்க சார். உரிமை அப்பா காலத்துலயே எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. உங்க கையெழுத்து ஒரு மரியாதைக்குத்தான் வாங்குறது.”

“தெரியும். அந்த மரியாதைக்குத்தான் நானும் கேக்கறேன்.”

உமையாள் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்தாள். புரூஃபைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் ஒவ்வொண்ணாப் படிக்கிறேன். நீங்க வாயால சொல்லுங்க. உங்க வாயால கேட்டா அடிக்கிறேன். ஏதாவது ஒண்ணுல ஞாபகம் வந்துச்சுன்னா அங்கயே நிறுத்துங்க. அந்த ஒண்ணோட போயிரும், மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சரியா சார்?”

தலையாட்டினார்.

“பேட்.”

“தெரியாது.” வகுப்பில் முப்பத்திரண்டு வருஷம், எந்தப் பையன் எதைக் கேட்டாலும் அவர் இதைச் சொன்னதில்லை.

“பிக்.”

“தெரியாது.”

“போஸ்ட். பெருமை பீத்துறதுக்கு.”

“தெரியாது.”

“பாய்.”

“தெரியாது.”

திரையைப் பிடித்துக்கொண்டு ரெஜினா நின்றாள். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்க வந்தவள். கேட்கவில்லை. டாக் என்றாள் உமையாள், தெரியாது. டாங்கி, தெரியாது. சொல்லச் சொல்ல நாக்கு பழகிற்று, பழகப் பழக அறையில் என்னென்னவோ இடம்பெயர்ந்தன, ஒவ்வொரு தெரியாதுக்கும் ஏதோ ஒரு பொருள் தன் பெயரை உதறிவிட்டு வெறுமனே நின்றது. நாய் பெயரில்லாமல் வாசலில் படுத்திருந்தது. பையன் பெயரில்லாமல் ஓடினான். கேர்ள், தெரியாது. பென்சில் சரக்கென்று இழுத்தது.

“ஜம்ப்.”

மழை. சாத்தப்பன் கடை வாசலில் முழங்கால் தண்ணீர், ஒரு லாட்டரிச் சீட்டு விற்கிறவன் சாக்கடை மூடியைத் தாண்டிக் குதிக்கிறான், குதித்து வழுக்கிச் சீட்டெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது, சாத்தப்பன் வாய்நிறையக் கடலையோடு, சார், சார், அவன் குதிச்சதுக்கு ஒண்ணு போடுங்க சார், அவர் தாளை இழுத்து, ஹாலந்து தேசத்தில் வாய்க்காலைத் தாண்ட ஊன்றும் கழிக்கு யும்ப் என்று பெயர், அதுவே ஆங்கிலத்துக்குப் போய், போய் என்ன, ஆயிற்று. ஆயிற்று. அப்படித்தான். அதேதான். இத்தனை வருஷம் எங்கே போய் ஒளிந்திருந்தாய் நாயே. சொன்னால் போதும், இது ஒன்றுதான் என்று சொன்னால் போதும், பென்சிலை வைத்துவிடுவாள், சிரிப்பாள், அடித்ததையெல்லாம் ரப்பர் போட்டு அழிப்பாள், மெஷின் ஏறும். வாயைத் திறந்தார். அந்த மழை உண்மையா? சீட்டு மிதந்தது உண்மையா, இல்லை இந்த நிமிஷம் உட்கார்ந்து செய்ததா, செய்வதுதான் அவருக்குக் கைவந்த வேலையாயிற்றே, ஈரம் எல்லாம் போட்டு, கடலை எல்லாம் போட்டு, தேவையில்லாத இடத்தில் ஒரு அலங்காரம் வைத்து. உண்மையாகவே இருக்கட்டும். இது ஒன்றுதான் பொய், மிச்சம் எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்ல அதே ஆள் மறுபடி அதே நாற்காலியில் வந்து உட்காரப் பார்க்கிறான். இருபத்திரண்டு யூகத்தை உண்மை என்று கையெழுத்துப் போட.

“சார்? ஞாபகம் வருதா?”

ரெஜினா திரையை விட்டு ஓர் அடி உள்ளே வந்தாள். “என்னங்க?” என்றாள்.

வேதமுத்து இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

“தெரியாது” என்றார். “அடுத்ததைப் படி.”